பில் போட்ட சரக்கும் விற்ற சரக்கும்

ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி ‘இந்தக் காலாண்டில் இவ்வளவு விற்றோம்’ என்று அறிவிக்கும்போது, அதில் ஒரு பகுதி இன்னும் யார் மேஜைக்கும் போய்ச் சேர்ந்திருக்காது. ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு டீலரின் குடோனில், டேப் பிரிக்காமல் அடுக்கிக் கிடக்கும். இதைப் பங்குச்சந்தைப் புத்தகம் எதிலும் படித்து நான் தெரிந்துகொள்ளவில்லை. அந்தப் பெட்டிகளை அடுக்கியவனே நான்தான்.

மணிமுத்தாறில் பிறந்தவன் நான். அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கர். அணை, கால்வாய், ஷட்டர் என்று வாழ்க்கை முழுக்கத் தண்ணீரோடு போனவர். நான் படிப்பை முடித்துவிட்டு, 2000-களின் தொடக்கத்தில் திருநெல்வேலியில் ஒரு டீலரிடம் ஸ்டாக் பார்க்கும் வேலையில் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் சென்டர்கள் தெருவுக்குத் தெரு முளைத்த காலம் அது. எங்கள் பக்கத்தில் எச்.சி.எல். என்றால் ஒரு தனிப் பெருமை உண்டு. அதன் நிறுவனர் ஷிவ் நாடார் பிறந்த மூலைப்பொழி அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து ஊர். கடைக்கு வருகிற வாத்தியார்களில் சிலர் அதன் பங்குகளை வாங்கி வைத்திருந்தார்கள். நான் இங்கே சொல்லப்போகும் பெட்டிகள் அந்தக் கம்பெனியுடையவை அல்ல. வேறொரு வெளிநாட்டு மார்க். பெயர் வேண்டாம். அன்றைக்கு நான் பார்த்த மார்க்குகளில் இதே வழக்கம்தான் இருந்தது.

மார்ச் கடைசி வாரம் வந்துவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டரின் சேல்ஸ்மேன் கடையைவிட்டு நகர மாட்டார். எங்கள் முதலாளி எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வார்.

“அண்ணாச்சி, டார்கெட்டுக்கு இன்னும் நாப்பது பீஸ்தான் கொறையுது. பில்லு மட்டும் போட்டுக்கிடுதேன். செக்கை மே மாசத் தேதி போட்டுக் குடுங்க. ஸ்கீம் தொகை கிரெடிட் நோட்டா வந்துரும்.”

“போன மாசம் எடுத்ததே அப்படியே கெடக்கு. வைக்க எடம் எங்கடே இருக்கு?”

“மாடியில போட்டுக்கிடலாம் அண்ணாச்சி. நீங்க இந்த ஸ்லாபைத் தொட்டுட்டா பீசுக்கு இன்னும் முன்னூறு ரூவா சேத்துக் கெடைக்கும்லா.”

முதலாளி பேப்பரை எடுத்துக் கணக்குப் போடுவார். ஸ்கீம் என்ற ஊக்கத்தொகை எவ்வளவு, வட்டி எவ்வளவு, விலை இறங்கினால் போவது எவ்வளவு. பெரும்பாலும் எடுத்துக்கொள்வார். எடுக்காவிட்டால் அடுத்த மாதம் ஓடுகிற மாடலை அனுப்பும்போது பக்கத்துக் கடைக்குத்தான் முதல் சரக்குப் போகும் என்று அவருக்குத் தெரியும்.

அன்றைக்கு மானிட்டர் என்றால் கண்ணாடிக் குழாய் வைத்த கனத்த மானிட்டர். லோடுமேன் இருவரும் நானுமாக மாடிக்கு ஏற்றுவோம். எத்தனை பெட்டி வரை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கலாம் என்று ஒவ்வொரு பெட்டியின் பக்கவாட்டிலும் படம் போட்டிருக்கும். அதற்கு மேலும் ஒன்று ஏற்றுவோம். கக்கூஸுக்குப் போகிற நடையில்கூடப் பெட்டி நிற்கும். பிறகு நான் லேபிளைப் பார்த்து சீரியல் நம்பரை ரிஜிஸ்டரில் எழுதுவேன். பெட்டி எந்த மாதம் தயாரானது என்பதும் அந்த லேபிளில் இருக்கும். கடைசியில் டெலிவரி சலானில் ‘சரக்கு நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டது’ என்று கடை முத்திரை குத்தி, கீழே என் கையெழுத்து.

ஏப்ரலில் பேப்பரைப் பிரித்தால், அந்த மார்க்கின் விற்பனை போன ஆண்டைவிட நன்றாகக் கூடியிருப்பதாகச் செய்தி. மாடியில் பெட்டிகள் அப்படியே இருந்தன. அந்தச் செய்தியில் இருந்த எண்ணுக்குள் என் கையெழுத்தும் இருந்தது. சட்டப்படி யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் பில் போட்டார், கடை சரக்கை வாங்கியது, பணத்துக்குச் செக் கொடுத்தது. ஆனாலும் எனக்கு நெஞ்சில் ஏதோ உறுத்தியது. இந்தச் செய்தியை நம்பி வெளிநாட்டில் எவரோ ஒருவர் தன் சேமிப்பைப் போட்டு அந்தப் பங்கை வாங்குவாரே என்ற நினைப்பு வந்தது. இதுவரை யாரிடமும் இதை நான் விரிவாகச் சொன்னதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தபோது அப்பாவிடம்தான் கேட்டேன். குடோன் நிறையச் சரக்கு இருக்கிறது, பேப்பர்காரன் சாதனை விற்பனை என்று எழுதுகிறானே, இது எப்படி என்று. அவர் பங்கும் அறியாதவர், கம்ப்யூட்டரும் அறியாதவர். ஆனால் சட்டென்று சொன்னார்.

“ஏலே, அணையில ஷட்டரத் தொறந்தா ஒடனே வயலு நனைஞ்சிருமா? நடுவுல எத்தனை கொளம் கெடக்கு. கொளமெல்லாம் பெருகிக் கெடந்தா எந்தச் சம்சாரி வந்து தண்ணி வேணும்னு கேப்பான்?”

தாமிரபரணிக் கரைக்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி என்று முழுக்கொள்ளளவு எங்களுக்கு மனப்பாடம். நாளிதழில் நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் மற்ற செய்திக்குப் போவோம். காமராசர் ஆட்சியில் 1958-ல் கட்டி முடிக்கப்பட்ட மணிமுத்தாறு அணையின் பிரதான கால்வாய் நாங்குநேரி, திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்து வறண்ட ஊர்களுக்காக வெட்டப்பட்டது. நான்கு ரீச்சாகப் பிரித்துத் தண்ணீர் விடுகிறார்கள். அது போகிற வழியெல்லாம் குளங்கள். அணையின் ரிஜிஸ்டரில் ‘வெளியேற்றம்’ என்று எழுதுகிற கனஅடி, குளத்தில் போய் நிற்பதும் உண்டு, நெல்லில் போய்ச் சேர்வதும் உண்டு. ரிஜிஸ்டருக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

கம்பெனியின் விற்பனைக் கணக்கும் அப்படித்தான். சரக்கு தன் கையைவிட்டு டிஸ்ட்ரிபியூட்டர் கைக்கு மாறியதும் அதை வருமானம் என்று எழுதலாம். இந்தியாவில் 2018 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள இன்ட் ஏஎஸ் 115 கணக்கியல் தரமும், சரக்கின் கட்டுப்பாடு வாங்குபவரிடம் போய்விட்டதா என்றுதான் கேட்கிறது. டீலரிடமிருந்து மாணவனோ ஆபீசோ வாங்கியாகிவிட்டதா என்று அது கேட்பதில்லை. நடுவில் கிடக்கிற சரக்கைச் சந்தைக்காரர்கள் ‘சேனல் இன்வென்டரி’ என்கிறார்கள். அதை வாரக் கணக்கில் சொல்வது வழக்கம். இப்போது நடக்கிற வேகத்தில் விற்றால், கடைகளில் உள்ளது எத்தனை வாரத்துக்குக் காணும் என்பது அதன் பொருள்.

இதைப் பற்றி உலகம் பார்த்த பெரிய பாடங்களில் ஒன்று ஆப்பிள் கம்பெனியுடையது. ஐமேக் கம்ப்யூட்டர் வந்து கம்பெனி தலைநிமிர்ந்திருந்த நேரம். 2000 செப்டம்பர் 28-ம் தேதி, எதிர்பார்த்த லாபம் வராது என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். பள்ளி கல்லூரிகளுக்கான விற்பனை சரிந்திருந்தது. ஜி4 கியூப் என்ற அழகான, விலை கூடிய கம்ப்யூட்டரை வாங்க ஆள் குறைவு. மறுநாள் ஒரே நாளில் பங்கு விலை பாதிக்கும் கீழே போயிற்று. அடுத்த காலாண்டில் 19.5 கோடி டாலர் நஷ்டம். விற்பனை ஏறத்தாழ 100 கோடி டாலர்தான், முந்தைய ஆண்டின் அதே காலாண்டில் பாதிகூட இல்லை. அந்தக் காலாண்டின் தொடக்கத்தில் கடைகளில் 11 வாரத்துக்கும் மேற்பட்ட சரக்கு இருந்தது. விலையைக் குறைத்து, தள்ளுபடி கொடுத்து, புதிதாக அனுப்புவதைச் சுருக்கி அதைச் சுமார் ஐந்தரை வாரத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்த நஷ்டத்தில் ஒரு பகுதி, குளத்தில் நின்றதை வடிய விட்டதற்குக் கொடுத்த விலை. அதன்பிறகு பல ஆண்டுகள், முடிவு அறிவிக்கும் போன் கூட்டத்தில் ‘கடைகளில் எத்தனை வாரச் சரக்கு?’ என்று அனலிஸ்டுகள் கேட்பதும், ‘எங்கள் வரம்புக்குள் இருக்கிறது’ என்று கம்பெனி பதில் சொல்வதும் வாடிக்கை.

என் தங்கச்சி மகன் கலிஃபோர்னியாவில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறான். சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஆப்பிள் பங்கு வாங்கி வைத்திருக்கிறான். ரிசல்ட் வருகிற வாரம் அவனிடமிருந்து போன் வந்துவிடும். ஒருமுறை அவன் என்னிடம் கேட்டது இன்றும் காதில் இருக்கிறது.

“மாமா, லாபம் ரெக்கார்டு. அப்புறமும் பங்கு ஏன் விழுது?”

2013 ஜனவரியில் நடந்தது அது. காலாண்டு லாபம் 1,310 கோடி டாலர், கம்பெனி அதுவரை பார்க்காத தொகை. ஐபோன் மட்டும் 4.78 கோடி விற்றிருந்தது. மறுநாள் பங்கு 12 சதவீதம் சரிந்தது. காரணம், சந்தை அதைவிட அதிகமாக எதிர்பார்த்து, அந்த எதிர்பார்ப்பை ஏற்கெனவே விலையில் ஏற்றி வைத்திருந்தது. நம் ஊர்ப் பங்கு விவாதங்களில் இந்த இடத்தில்தான் எல்லாருக்கும் குழப்பம். ‘கம்பெனி நல்லா ஓடுதே’ என்று வாதாடுகிறோம். கம்பெனி ஓடுகிற வேகம் ஒரு கணக்கு, அது ஓடும் என்று நாம் முன்கூட்டியே கொடுத்துவிட்ட விலை இன்னொரு கணக்கு.

2018 நவம்பரில் ஆப்பிள், இனிமேல் எத்தனை போன், எத்தனை கம்ப்யூட்டர் விற்றோம் என்ற எண்ணிக்கையைத் தர மாட்டோம் என்றது. பணக் கணக்கு மட்டும் வரும். எனக்கு அது பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. பீஸ் கணக்கு இல்லாமல் ஸ்டாக் பார்த்த எவனும் தூங்க மாட்டான். இரண்டு மாதம் கழித்து, 2019 ஜனவரி 2-ம் தேதி, தலைமைச் செயல் அதிகாரி டிம் குக் முதலீட்டாளர்களுக்குக் கடிதம் எழுதினார். 8,900 கோடி முதல் 9,300 கோடி டாலர் வரை வரும் என்று சொல்லியிருந்த வருமானம் சுமார் 8,400 கோடிதான் வரும் என்று. மறுநாள் பங்கு ஏறத்தாழ 10 சதவீதம் கீழே.

“வித்துரட்டா மாமா?” என்று மருமகன் கேட்டான். இங்கே விடியவில்லை. குரலில் நடுக்கம் இருந்தது. பணம் எப்போது வேண்டும் என்று கேட்டேன். அவசரம் இல்லை என்றான். இரண்டு பேரும் அந்தக் கடிதத்தை வரி வரியாகப் படித்தோம். சீனாவில் விற்பனை மந்தம், பழைய போனுக்குப் பேட்டரி மட்டும் மாற்றிக்கொண்டு புதுப் போனைத் தள்ளிப்போட்டவர்கள் அதிகம் என்று காரணம் எழுதியிருந்தது. வாங்கினவர்கள் அந்தப் போனை வேண்டாம் என்று வீசிவிட்டதாக அதில் எதுவும் இல்லை. வாங்குவதைத் தாமதப்படுத்தியிருந்தார்கள். அவன் விற்கவில்லை. அந்த ஆண்டு முடிவில் பங்கு 80 சதவீதத்துக்கும் மேல் ஏறியிருந்தது. அது ஏறும் என்று எனக்குத் தெரியாது, தெரிந்ததுபோல் சொல்லவும் மாட்டேன். சரக்குத் தேங்குவதும் ஆசை தீர்வதும் இரண்டு வெவ்வேறு நோய் என்பது மட்டும் குடோனில் நின்ற காலத்திலேயே எனக்குத் தெரியும். முதலாவது ஓரிரு காலாண்டில் வடியும். மற்றது வடியாது.

இப்படித் தாராளமாகச் சரக்கு எடுத்துவைத்த எங்கள் முதலாளி, எல்லா முறையும் நஷ்டப்பட்டவரில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2011 அக்டோபரில் தாய்லாந்தில் வெள்ளம். வெஸ்டர்ன் டிஜிட்டல் ஹார்டு டிஸ்க் செய்கிற பாங் பா-இன் தொழிற்பேட்டை தண்ணீருக்குள் போயிற்று. உலகத்து ஹார்டு டிஸ்க்கில் பெரும்பங்கு அந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதே அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது. சில வாரங்களில் விலை இரண்டு மடங்கைத் தாண்டியது. எங்கள் அலமாரியில் ஓடாமல் கிடந்த டிஸ்க்குகளைக் கேட்டு மதுரையிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் போன் வந்தது. டிஸ்க் இல்லாமல் கம்ப்யூட்டர் செய்ய முடியாததால் சிப்புக்கும் ஆர்டர் குறைந்து, டிசம்பரில் இன்டெல் தன் காலாண்டு வருமான மதிப்பீட்டை 1,470 கோடி டாலரிலிருந்து 1,370 கோடிக்குக் குறைத்தது. போன மாதம்வரை பாரமாக இருந்த ஸ்டாக் இந்த மாதம் பொன். ஜூன் மாதத்து 80 அடியும் டிசம்பர் மாதத்து 80 அடியும் மணிமுத்தாறில் ஒன்றா? வடகிழக்குப் பருவமழையை நம்பியே நிறைகிற அணை இது. மட்டத்தை மட்டும் கேட்டுவிட்டு எந்த சம்சாரியும் நாற்றுப் பாவ மாட்டான்.

கொரோனாவுக்குப் பிறகு பழைய தேக்கக் கதைதான் திரும்பியது. வீட்டிலிருந்து வேலை, ஆன்லைன் வகுப்பு என்று ஆளுக்கொரு லேப்டாப் வாங்கியாயிற்று. கம்பெனிகள் அதே வேகத்தில் செய்து அனுப்பிக்கொண்டே இருந்தன. 2023 முதல் காலாண்டில் உலகக் கம்ப்யூட்டர் ஷிப்மென்ட் 29 சதவீதம் குறைந்ததாகவும், ஆப்பிளுடையது 40 சதவீதம் குறைந்ததாகவும் சந்தை ஆய்வு நிறுவனமான ஐ.டி.சி. சொன்னது. கம்ப்யூட்டர் காலமே முடிந்தது என்று அன்று எழுதியவர்கள், ஷிப்மென்ட் என்பது கடைக்குப் போன எண்ணிக்கை என்பதைக் கவனித்திருக்கலாம்.

சரி, மணிமுத்தாறில் உட்கார்ந்திருக்கிற ஒருவர் இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பது? கடைகளில் உள்ள சரக்கு நமக்குத் தெரியாது. ஆனால் அதன் தடம் பேலன்ஸ் ஷீட்டில் இரண்டு இடத்தில் விழும். ஒன்று, கம்பெனியின் சொந்தச் சரக்கிருப்பு. ஒரு காலாண்டில் விற்ற சரக்கின் அடக்கவிலை 900 கோடி, கையிருப்பு 300 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்நூறைத் தொள்ளாயிரத்தால் வகுத்து 90-ஆல் பெருக்கினால் 30 நாள். விற்பனை அப்படியே இருக்க, கையிருப்பு 450 கோடியானால் 45 நாள். இன்னொன்று, வரவேண்டிய பாக்கி. நான் மேலே சொன்ன மே மாதத் தேதி செக், டிஸ்ட்ரிபியூட்டரின் கணக்கில் இங்கேதான் வந்து உட்காரும். விற்பனை பத்து சதவீதம் கூடும்போது பாக்கி நாற்பது சதவீதம் கூடினால், எங்கேயோ ஒரு மாடியில் பெட்டி ஏறிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்படலாம். நான் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். லாபம் அதற்குப் பிறகு. சென்னையில் தலைமையிடம் கொண்டு ஆப்பிள், எச்.பி., டெல் எனப் பல மார்க்குகளை விநியோகிக்கிற ரெடிங்டன் போன்ற பட்டியலிடப்பட்ட கம்பெனியின் அறிக்கையைப் படித்துப் பழகினால், இந்த நாள் கணக்குக் கைவந்துவிடும். பி.எஸ்.இ., என்.எஸ்.இ. தளங்களில் எல்லாம் இலவசம்.

சரக்குத் தேங்குவது பணக்காரர்களின் கவலை மட்டும் என்று எண்ண வேண்டாம். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கத்திலிருந்து பெண் பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரிகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். எங்கள் தெருவில் ஒரு பிள்ளை பொங்கலுக்கு வந்திருந்தாள். “இப்ப ஓவர்டைம் இல்ல மாமா, லைன் மெதுவாத்தான் ஓடுது” என்றாள். ஆர்டர் ஏன் குறைந்தது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. கடைகளில் தேங்கினால் முதலில் நிற்பது அவளுடைய ஓவர்டைம். பங்கு விலை அதற்குப் பிறகுதான் விழும்.

தேங்கும் சரக்கை வெளியே காட்டக் கார் வியாபாரத்தில் ஒரு வழி செய்திருக்கிறார்கள். கம்பெனி அனுப்பிய வண்டி எத்தனை என்பது தனி. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவான வண்டி எத்தனை என்பது அரசின் வாகன் தளத்தில் தனியாக வந்துவிடுகிறது. டீலர்கள் கூட்டமைப்பான ஃபாடா, கடைகளில் எத்தனை நாள் சரக்கு நிற்கிறது என்றும் மாதாமாதம் சொல்கிறது. 2024 ஜூலையில் 67 முதல் 72 நாள் சரக்கு, மதிப்பு 73,000 கோடி ரூபாய் என்று அது வெளிப்படையாகச் சொன்னது. கம்பெனிகள் அனுப்புவதைக் குறைக்க வேண்டும் என்றும் கேட்டது. கம்ப்யூட்டருக்கு ஆர்.டி.ஓ. பதிவு கிடையாது. ஆனால் கம்ப்யூட்டர் கடைக்காரர்களுக்கு ஊருக்கு ஊர் சங்கம் இருக்கிறது. ஒவ்வொரு கடையிலும் ஸ்டாக் ரிஜிஸ்டர் இருக்கிறது. மாதக் கடைசியில் எந்த மார்க் எத்தனை பீஸ் கையில் நிற்கிறது என்று எழுதி, கடைப் பெயர் இல்லாமல் மொத்தமாகக் கூட்டி வெளியிட ஒரு நாள் வேலை போதும்.

திருநெல்வேலிச் சங்கத்து அண்ணாச்சிமாரே, இதை நாமே முதலில் தொடங்கலாம். இதற்கென ஒரு படிவம் உங்கள் கடைக்கு வந்தால், மாடியில் நிற்கும் பெட்டிகளையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள்.